வாய்க்கால் வெட்டிய கை

நான் ஐந்தடி உயரம், செருப்போடு சேர்த்து. இந்தக் கதைக்கு அது தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஆவுடையம்மாள். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்து, அவர்களோடு மண்வெட்டி பிடித்து வளர்ந்து, மரபணு படித்து, இப்போது டென்வரில் ஓர் ஆய்வகத்துக்குத் தலைவியாக இருக்கிறேன். அன்று என்னைக் குள்ளி என்று கூப்பிட்ட அண்ணன்கள் இன்று அக்கம்பக்கத்தில் 'எங்க டாக்டர் தங்கச்சி' என்று பீற்றிக்கொள்கிறார்கள். பீற்றிக்கொள்ளட்டும்.

ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. அதை வடிவமைத்த ஜெபசிங்கும் நானும் 'அப்பன்' என்றுதான் சொல்வோம். உன் அப்பன் யார் என்ற ஒரே கேள்விதான் அதற்குத் தெரியும். ஓர் ஆணின் எச்சில் துளியைக் கொடுத்தால், அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று மூவாயிரம் வருடம் பின்னால் போய்விடும். எங்காவது தோண்டியெடுத்த எலும்பும் பல்லும் வழியில் பொருந்தினால் ஊரும் பேரும்கூடச் சொல்லும். பழைய தொப்பியில் ஊறிய வியர்வையே அதற்குப் போதும்.

அப்பன் வந்த இரண்டே வருடத்தில் உலகம் ரொம்ப மரியாதையாக மாறிவிட்டது. மூன்று அரச குடும்பங்கள் வாயைப் பொத்திக்கொண்டன. கல்யாணப் பேச்சில் ஜாதகத்தோடு அப்பன் சீட்டும் கேட்டார்கள். நீதிமன்றங்கள் அதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டன. அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளாத வீடுகள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2061 ஏப்ரலில் மொன்டானா மாநிலத்து ட்ரை ஃபோர்க் என்ற சிற்றூரிலிருந்து ரூபன் பார்லோ எங்களிடம் வந்தார். ஐம்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம். ஆப்பிள் தோட்டமும் கொஞ்சம் மாடுகளும் வைத்திருந்தார். ஒரே மகள் டெஸ் கூட வந்திருந்தாள், பத்தொன்பது வயது. அவருக்கு எதிர்ப்பக்கம் பங்காளி வேட் பார்லோ. இருவர் எச்சிலும் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. வழக்கு தண்ணீருக்காக.

அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரே வாய்க்கால். நூற்றெழுபது வருடத்துக்கு முன் மாட்டுவண்டியில் வந்து குடியேறிய சைலஸ் பார்லோ வெட்டியது என்பது ஊரின் பெருமை. தலைமதகில் ஒரு கல் நிற்கிறது. 'இந்த வாய்க்காலை வெட்டிய கைக்கும் அந்தக் கையின் வாரிசுகளுக்கும் முதல் தண்ணீர்' என்று அதில் செதுக்கியிருக்கிறது. ஊர்ச் சட்டமே அந்தக் கல்தான். சைலஸுக்கு ஜேக், ஏமஸ் என்று இரண்டு மகன்கள். ஜேக்கின் வழி ரூபன், ஏமஸின் வழி வேட். இத்தனை காலமும் இரண்டு வீடும் முதல் தண்ணீரைப் பகிர்ந்து வந்தன. அந்த வருடம் மலையில் பனி விழவில்லை. முதல் தண்ணீர் தவிர வேறு தண்ணீரே கிடையாது என்று ஆனதும், ஜேக் சைலஸின் மகனே இல்லை என்று வேட் கிளப்பிவிட்டார்.

ஜூன் மாதம் நடுவர் முன்னால் தீர்ப்பு. தோற்றால் ரூபனின் மரங்கள் ஆடி மாதத்தைப் பார்க்காது.

முடிவை நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"சைலஸோட கல்லறையைத் திறந்து எலும்பு எடுத்தோம். வேட் அவரோட நேர்வழி. நீங்க இல்லை."

ரூபன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ நான் யாரு?"

ஜெபசிங் திரையைத் திருப்பினான். நாகர்கோவில்காரன், எதையும் விளக்காமல் விடமாட்டான். "அப்பாகிட்டேருந்து மகனுக்கு மட்டும் போற ஒரு துண்டு இருக்கு சார், ஒய் குரோமோசோம். ஒவ்வொரு தடவையும் நகல் எடுக்கும்போது ஒண்ணு ரெண்டு எழுத்து தப்பா விழும். அந்தத் தப்பைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி நடந்தா, உங்க ஜேக் போலந்துப் பக்கத்துலேருந்து வந்த யூதர். அதுக்கும் பின்னாடி போனா ஜெருசலேம் பக்கத்துல ஒரு குகைக் கல்லறை. ஆசாரியர் குடும்பம். அங்க கிடந்த பல்லெல்லாம் உங்க சொந்தக்காரங்க."

"ஆசாரியர்னா?"

"கோயில்ல பலி செலுத்துற உரிமை உள்ள வம்சம். ஆரோன் வழின்னு சொல்லிக்கிடுவாங்க. அப்பாவழி உரிமை. மூவாயிரம் வருஷம் விடாம வந்திருக்கு."

ரூபன் சிரித்துவிட்டார். "நான் தண்ணி கேட்டேன். நீங்க கோயிலைக் கொடுக்கிறீங்க. இடிஞ்ச கோயிலை வெச்சு ஆப்பிள் மரத்துக்குப் பாய்ச்சவா?"

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

டெஸ்தான் கேட்டாள். "அப்போ பார்லோங்கிற பேரு எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியாது" என்றேன். "அந்த ஊருல ஜேக் வந்து இறங்கினப்போ இன்னொருத்தர் பேரை எடுத்துக்கிட்டார். அவ்வளவுதான் அப்பன் சொல்லும்."

அவர்கள் போன பிறகு ஜெபசிங் என்னிடம் தமிழுக்கு மாறினான். "ஆவுடை, இது புதுசு இல்ல பாத்துக்கோ. எங்க வேதத்துல, பைபிள்ல, இதே கதை இருக்கு. பாபிலோன்ல சிறையிருந்த யூத சனங்க திரும்பி வரும்போது வம்ச அட்டவணை பாத்துதான் ஆசாரியனைச் சேத்தாங்க. ஒரு குடும்பத்தை மட்டும் தள்ளி வச்சுட்டாங்க. எதுக்குன்னு கேளு."

"எதுக்குவே?" நான்கு அண்ணன்களோடு வளர்ந்ததால் எனக்கு யாரும் 'வே'தான்.

"அவங்க முப்பாட்டன் கீலேயாத்துக்காரர் ஒருத்தரோட மகளைக் கட்டி, மாமனார் பேரையே வச்சுக்கிட்டான். அட்டவணையில தேடுனா அவன் பேரு இல்ல. பலி செலுத்தக் கூடாதுன்னுட்டாங்க."

"வீட்டோட மாப்ளை."

"அதேதான். வீட்டோட மாப்ளையாப் போனதுக்கு பரம்பரையே வெளிய நின்னுச்சு."

"அந்த மக பேரு என்ன?"

"அது எழுதலையே."

நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜேக்கும் வீட்டோட மாப்பிள்ளையாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. ஜேக்கின் மனைவி ஹெஸ்டர் என்று கல்லறைக் கல்லில் இருக்கிறது, அவள் யார் மகள் என்று இல்லை. சைலஸின் மகளாக இருந்தாலும் ரூபனுக்கு லாபம் உண்டா? வாய்க்காலை வெட்டிய கை சைலஸுடையது என்றால் மகள் வழியும் வாரிசுதானே என்று நான் ஜெபசிங்கிடம் கேட்டேன். அந்த ஊர் வழக்கத்தில் ஆண் வழிதான் கணக்கு என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். வேட் அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேட் இன்னொன்றையும் அனுப்பியிருந்தார். சைலஸின் மண்வெட்டிக் காம்பிலிருந்து எடுத்த தூள். மண்வெட்டி ஊர் மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருடா வருடம் வாய்க்கால் திருநாளில் பார்லோ வீட்டு மூத்த ஆண்பிள்ளை அதைத் தோளில் சாத்தி ஊர்வலம் போவார். மண்ணில் படவே கூடாது. அதன் காம்பில் சைலஸின் வியர்வை இருப்பதைக் காட்டிவிட்டால் கதை முடிந்தது என்பது வேட்டின் கணக்கு. ஊர்வலக்காரர்கள் கைபட்ட மேல்பாகத்தைச் சீவித் தள்ளிவிட்டு, மரத்தின் உள்ளிருந்து ஊசியால் துளி தூள் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முறையாகத்தான் எடுத்திருந்தார்கள். அப்பன் அச்சடித்துக் கொடுத்தது ஒரே சொல்: வீண்.

பழைய பொருளில் இப்படி வருவது சகஜம். வெயில், பூஞ்சை, எதுவும் மிஞ்சாது. ஆய்வகத்தில் வீண் சீட்டு ஒட்டிய மாதிரிகள் ஓர் அலமாரி நிறையக் கிடந்தன. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

மே கடைசியில் சாட்சி சொல்வதற்காக நானும் ஜெபசிங்கும் ட்ரை ஃபோர்க் போனோம். ஊர் மன்றத்தில் கண்ணாடிப் பெட்டியின் முன் வேட் காத்திருந்தார். சிவந்த முகம், நல்ல குரல். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் மாடுகள் சாவதைப் பார்க்கப் பயந்தவர்.

"பாருங்க, இதுதான் சைலஸோட தொப்பி. இதுலேருந்துதான் உங்க மெஷின் அவரைக் கண்டுபிடிச்சுது. கல்லறை எலும்போட அப்படியே பொருந்துச்சு" என்றார் பெருமையாக. "மண்வெட்டிதான் கெட்டுப்போச்சு. பரவாயில்லை, தொப்பி போதும்."

நான் தொப்பியைப் பார்த்தேன். மண்வெட்டியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே காய்ந்த காற்றில், ஒரே நூற்றெழுபது வருடம்.

"வே ஜெபசிங்" என்றேன் தமிழில். "தொப்பி பேசுது. பக்கத்துல கிடக்குற மண்வெட்டி மட்டும் எப்படிவே ஊமையாப் போச்சு?"

"மரம் வேற, துணி வேற ஆவுடை."

"மரம்தான் வியர்வையை இன்னும் ஆழமா குடிக்கும்னு நீயே கட்டுரை எழுதியிருக்கே."

கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறக்கச் சொன்னேன். வேட் முறைத்தார். ரூபன் தலையசைத்தார், அவருக்கு இழக்க இனி ஒன்றுமில்லை. மண்வெட்டியை எடுத்தேன்.

நம்மூர் மண்வெட்டி மாதிரிதான், இரும்பு கொஞ்சம் கனம். காம்பின் நுனி அறுத்துக் குட்டையாக்கப்பட்டிருந்தது. வாழைக்குப் பாத்தி கட்டும் வீட்டில் ஒருவர் மண்வெட்டியை இன்னொருவர் எடுக்கமாட்டார். காம்பு ஆளுக்கு ஆள் வேறு. அண்ணன்களின் மண்வெட்டி எனக்கு எட்டாமல் அப்பா எனக்கென்று தனியாக ஒன்று அறுத்துக் கொடுத்திருந்தார். அனிச்சையாகக் காலை அகட்டி, இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் காம்பில் வைத்தேன். மரம் தேய்ந்து பள்ளமாகியிருந்த இரண்டு இடத்திலும் என் கைகள் சரியாகப் போய் உட்கார்ந்தன.

எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

"ரூபன், இதைப் பிடிச்சு வெட்டுற மாதிரி நில்லுங்க."

ரூபன் பிடித்தார். அவர் தலை முழங்காலுக்கு வந்துவிட்டது. டெஸ் சிரித்தாள். வேட்டும் வாங்கிப் பார்த்தார். அவரும் ரூபன் உயரம்தான். ஊர்வலத்தில் இத்தனை வருடம் தோளில் தூக்கியவர், ஒருநாளும் வெட்டுவதற்குப் பிடித்துப் பார்த்ததில்லை.

"சைலஸ் எவ்வளவு உயரம்?" என்றேன்.

ஜெபசிங் மெல்லச் சொன்னான். "எலும்பை வச்சுப் பாத்தா ஆறடி. ஆவுடை... அவரோட வலது கை நொறுங்கி ஒட்டியிருந்துச்சு. வண்டிச் சக்கரம் ஏறியிருக்கணும். நான் மாதிரி எடுக்கும்போது பாத்தேன். நமக்குத் தேவையில்லைன்னு குறிக்கல."

"தேவையில்லையா?"

"அப்பன் அதைக் கேக்காதே."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். "அப்பன் மரத்தூள்ல என்னத்தைத் தேடும்?"

"ஒய் துண்டை. மத்ததைக் கழுவி விட்டுடும்."

"ஒய் இல்லைன்னா?"

"வீண்னு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஐயோ" என்றான்.

"கெட்டுப்போன ஆம்பளையும் வீண். நல்லா இருக்குற பொம்பளையும் வீண். ரெண்டுக்கும் ஒரே சீட்டு! உலகத்துல பாதிப் பேரை வீண்னு அச்சடிக்கிற மெஷினுக்கு நாம ரெண்டு பேரும் பூஜை போட்டுக்கிட்டு இருந்திருக்கோம் வே."

வாடிக்கையாளர் யாரும் அம்மா வழி கேட்டதில்லை. கேட்காததை அது சொல்லாது, சொல்லாததை நாங்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். நடுவரிடம் அனுமதி வாங்கி அன்றே காம்பின் ஆழத்திலிருந்து புதுத் தூள் எடுத்தோம். ஹெஸ்டரின் கல்லறையிலிருந்து ஒரு பல். வண்டியில் கொண்டுவந்த சிறு கருவியில் ஜெபசிங் கழுவும் படியை நிறுத்திவிட்டு, வந்ததையெல்லாம் படிக்கச் சொன்னான்.

ஜூன் இரண்டாம் தேதி தலைமதகருகே, அந்தக் கல்லின் முன் நடுவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குட்டை முடி, கறாரான அம்மாள். ஊரே கூடியிருந்தது. வாய்க்காலில் கணுக்காலளவு தண்ணீர்.

"சுருக்கமா சொல்லுங்க டாக்டர்."

"காம்போட அடியாழத்துல ஒரே ஒருத்தர் வியர்வைதான் இருக்கு. வருஷக்கணக்கா ஊறினது. அது ஹெஸ்டரோடது. சைலஸோட மகள் அவ. எலும்பும் பல்லும் அதைச் சொல்லுது, ரூபன் அவ வழின்னு அவரோட எச்சிலும் சொல்லுது. சைலஸுக்கு வலது கை விளங்கலை. மாப்ளை ஜேக் வெயில் காலம் பூரா ஊர் ஊரா சாமான் விக்கப் போயிடுவான்னு உங்க ஊர்க் கதையே சொல்லுது. மண்வெட்டிக் காம்போட நீளம் அஞ்சடி ஆளுக்கு ஏத்தது. ஹெஸ்டரோட எலும்பை அளந்தோம், அவ என் உயரம்."

கூட்டத்தில் சலசலப்பு. வேட் எழுந்தார். "ஒரு பொம்பளை வெட்டினாளா? இந்தப் பாறையில? மூணு மைல்?"

நான் மண்வெட்டியைக் கையில் வைத்திருந்தேன். அதற்கென்றே எடுத்து வந்திருந்தேன். மண்ணில் படக்கூடாது என்ற வழக்கம் எனக்கும் தெரியும். கரையோரம் இறங்கி, ஓங்கி ஒன்று போட்டேன். சரளை மண் பெயர்ந்து வந்தது. இன்னொன்று போட்டேன்.

"வாழைக்கு வாய்க்கால் இழுத்த கை இது" என்றேன். "வேற ஏதாவது கேக்கணுமா?"

வேட் உட்கார்ந்தார்.

நடுவர் கல்லைப் பார்த்தார். வெட்டிய கைக்கும் அந்தக் கையின் வாரிசுகளுக்கும். நூற்றெழுபது வருடமாக எல்லோரும் படித்த அதே வரிதான். "கை ஹெஸ்டருடையது. அவள் வாரிசு ரூபன். ஏமஸ் அவள் தம்பி. வேட் அவள் வழி இல்லை. முதல் தண்ணீர் முழுவதும் ரூபன் பார்லோவுக்கு" என்றார்.

ஜேக் தன் பேரை விட்டுவிட்டு வந்ததால் தோற்கவிருந்த வீடு, அவன் யாருக்காக விட்டானோ அவளால் ஜெயித்தது. ஜெபசிங் வெளிப்படையாகவே அழுதான், அவன் அப்படித்தான்.

வேட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வண்டியை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து ரூபன் கூப்பிட்டார்.

"வேட், உன் வயலுக்குப் பிரியுற கிளை மடை இருக்கே, அது யார் வெட்டினது?"

"சைலஸ்... இல்லை" என்றார் வேட்.

"அவதான். தம்பி வயல் காயக் கூடாதுன்னு வெட்டியிருக்கா. நான் அதை அடைக்கிறதாயில்லை. வாரத்துல மூணு நாள் உனக்கு." ரூபன் ஒரு விரலை உயர்த்தினார். "ஆனா திருநாள்ல நீ பின்னாடி நடக்கிற."

"முன்னாடி நீயா?"

"நான் ஆசாரியனாம்ல. எனக்குக் கோயில் வேலை இருக்கு." ரூபன் மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கி டெஸ்ஸிடம் கொடுத்தார். அவள் உயரத்தில் அப்பாவைக் கொண்டு பிறக்கவில்லை. என்னைவிட நான்கு விரல்தான் கூட.

டென்வருக்குத் திரும்பியதும் நிறுவனத் தலைவரிடம் போய் அப்பனின் வேலையை நிறுத்திவைத்தேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். காத்திருக்கட்டும் என்றேன். வீண் சீட்டு அலமாரியைப் படித்து முடிக்கிறவரை ஒரு சீட்டுகூட அச்சாகாது, பிடிக்காவிட்டால் வேறு தலைவி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு வேறு தலைவி கிடைக்கவில்லை.

ஜெபசிங் அலமாரியின் முதல் தட்டைத் திறந்தான். முதல் குப்பியே ஜெருசலேம் குகைக் கல்லறையிலிருந்து வந்த பல். ரூபனின் முன்னோர்கள் கிடந்த அதே கல்லறை. மற்றவர்கள் சுவரோர மாடங்களில் இருக்க, இந்த ஆளை மட்டும் நடுவில், தனிக் கல் மேடையில் கிடத்தியிருந்தார்களாம். தோண்டியவர்கள் தலைமை ஆசாரியர் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதன்மேல் எங்கள் சீட்டு: வீண்.

கருவி ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரையில் தாய்வழி எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.

"பொம்பளை" என்றான் ஜெபசிங். "ஆவுடை, பக்கத்து மாடத்துல கிடக்குறவங்க எல்லாம் இவ பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. பூராப் பேரும்."

நான் சீட்டைக் கிழித்தெடுத்தேன். பசை விடாப்பிடியாக இருந்தது, நகத்தால் சுரண்டினேன்.

"புதுச் சீட்டுல பேரு என்ன போட? எந்த அட்டவணையிலயும் இருக்காதே."

"பேரு தெரியாது வே" என்றேன். "நடுவுல இருந்தவள்னு போடு."